பிறந்தநாள் வாள்த்துகள்

அவர் வாழைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"பஜ்ஜிக்கா, பொரியலுக்கா? சொன்னாத்தான நறுக்க முடியும்."

நான் துணி அலசிக்கொண்டிருந்தேன்.

"எதுக்காவது நறுக்குங்களேன்."

ஞாயிற்றுக்கிழமை. குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

ஈரக் கையோடு அடுக்களைக்குப் போனபோது காய் பாதி நறுக்கியிருந்தது. வட்டம் வட்டமாக. பஜ்ஜிக்குமில்லை, பொரியலுக்குமில்லை. வறுவலுக்கு.

அவர் தரையில் கிடந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பள்ளிக்கூடம் போனேன். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே பள்ளி. நான் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. அவர் மேல்வகுப்புகளுக்குத் தமிழ். எல்லோருக்கும் கோமதிநாயகம் சார். முதுகுக்குப் பின்னால் ழ சார்.

எங்கள் ஊர் வாயில் ழ கிடையாது. பளம், மளை, கிளவி.

அதற்காக அவர் யாரையும் கேலி செய்ததில்லை. "அது வீட்டு வாய். அது பாட்டுக்கு இருக்கட்டும். பள்ளிக்கூடத்துக்குன்னு இன்னொரு வாய் வேணும்" என்பார்.

என் வகுப்பில் யாழினி என்றொரு பெண். தன் பெயரே அவளுக்கு வராது. இடைவேளையில் அவர் வந்து அவள் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்காருவார்.

"ஏ கழுத, ஒம் பேரென்ன?"

"யாளினி."

"அது யாரு? அப்படி ஒரு ஆள எனக்குத் தெரியாதே."

விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஒருநாள் ழ வந்துவிட்டது. பெஞ்சு பெஞ்சாக ஓடி ஒவ்வொருவரிடமும் தன் பெயரைச் சொன்னாள். காவலாளியிடமும் போய்ச் சொன்னாள்.

நான் திரும்பிப் போன அன்று இரங்கல் கூட்டம் வைத்திருந்தார்கள். பெரிய திரை. அதில் அவர் படம். ஆண்டுவிழாவில் எடுத்தது.

முன்பல் உடைந்ததிலிருந்து போட்டோவுக்கு அவர் வாய் திறந்ததில்லை. அந்தப் படத்திலும் உதடு மூடித்தான் இருந்தது.

அந்த உதடு திறந்தது.

உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு முழு வரிசைப் பல்.

"என் அன்புக் குளந்தைகளே, நான் எங்கும் போகவில்லை."

குரல் அவருடையது.

கண்ணைச் சிமிட்டினார். தலையை ஆட்டினார். வானத்திலிருந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். கடைசியில், அடுத்த கல்வியாண்டுக்கான சேர்க்கை நடைபெறுகிறது என்று சொல்லிச் சிரித்தார்.

ஒருவர் கை தட்டினார். பிறகு எல்லோரும்.

கணக்கு மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "குடுத்து வச்சவங்க மிஸ் நீங்க."

கழிப்பறைக்குப் போனேன். காலையில் தின்ற இட்லி அப்படியே வந்தது.

அந்தப் படத்தைப் பேச வைத்து இணையத்திலும் போட்டவன் தாளாளரின் மகன் ரூபேஷ். அவனிடம் போனேன்.

"எடுத்துருங்க தம்பி."

"என்ன மிஸ் இப்படிச் சொல்றீங்க? எத்தன பேரு பாத்துருக்காங்க தெரியுமா? சார் உயிரோட இருக்கையிலகூட இவ்வளவு பேரு அவரு பேச்சக் கேட்டதில்ல."

"அவருக்கு ழ வரல."

"எங்க மிஸ்?"

"வீடியோவுல."

"ஓ, அதுவா. சாப்ட்வேர்ல அப்படித்தான் வரும். யாரு மிஸ் இதையெல்லாம் கவனிக்கப்போறா?"

வெட்டுக்கிளியின் காலை ஸ்மார்ட் போர்டில் பெரிதாக்கிக் காட்டியவள் நான். பிள்ளைகள் "ஐய!" என்று கத்திக்கொண்டே கிட்டே வந்து பார்த்தார்கள். அந்தத் திரை பொய் சொல்லாது என்று அவர்களுக்குப் பழக்கியதும் நாங்கள்தான்.

செத்தவரின் வாயைத் திறந்து அதற்குள் விளம்பரத்தைத் திணிப்பவர்கள் கைக்கு அது போகும் என்று அப்போது தெரியாது.

ரூபேஷ் எடுக்கவில்லை. அடுத்து, பிறந்தநாள் வாழ்த்து தொடங்கினான். எந்தப் பிள்ளைக்குப் பிறந்தநாளோ அந்த வீட்டுப் போனில் காலையில் அவர் வருவார். பெயர் சொல்லி வாழ்த்துவார். அம்மாக்கள் இதயம் இதயமாக அனுப்பினார்கள்.

யாழினியின் பிறந்தநாள் வந்தது.

ரோஸ் கலர் கவுன். கையில் சாக்லேட் டப்பா. வகுப்பின் முன்னால் வந்து நின்றாள்.

"என் பேரு யாளினி. எனக்கு இன்னைக்கு ஏளு வயசு."

"யாழினி" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். விடை தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல.

"இல்ல மிஸ். நீங்கதான் தப்பாச் சொல்றீங்க. காலைல சாரே போன்ல சொன்னாரு. 'யாளினிக்குப் பிறந்தநாள் வாள்த்துகள்'னு."

"ஆமா மிஸ், எனக்கும் வாள்த்துன்னுதான் சொன்னாரு" என்றது பின் பெஞ்சு.

உடம்பு முழுக்க அந்தப் பல்வரிசை ஊர்ந்தது.

"அது சார் இல்லம்மா."

"சார்தான் மிஸ். கண்ணெல்லாம் சிமிட்டுனாரே."

ஏழு வயதுப் பிள்ளையிடம் எதைச் சொல்வது? அவள் காதால் கேட்டிருக்கிறாள். கண்ணால் பார்த்திருக்கிறாள். நானோ வெறுமனே சொல்கிறேன்.

டப்பாவை வாங்கி மேஜைமேல் வைத்தேன். அவள் உயரத்துக்கு மண்டியிட்டேன். வாயை அகலத் திறந்தேன்.

அவள் கிட்டே வந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பின் பெஞ்சும் எழுந்து வந்தது.

முதலில் ள சொன்னேன். நாக்கு நுனி மேலே போய் ஒட்டியது.

பிறகு ழ.

நாக்கு மேலே வளையும். எதையும் தொடாது.