இரண்டாவது பாட்டில்

மூன்றாம் முறையும் கோப்பைக்குள் மூக்கை விட்டாள். ஒன்றுமே வரவில்லை.

"எங்க, நம்ம மோப்பம் சொல்லட்டும்" என்றாள் சூப்பர்வைசர் அக்கா.

உணவகம் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. இன்றிலிருந்து பட்டியலில் ஏறும் மலிவான வெள்ளை ஒயின் அது. பரிமாறுகிறவர்கள் ஐந்து பேரும் அதைப் பழகிக்கொள்ள வேண்டும். பினோ கிரிஜியோ என்ற திராட்சை. கூச்ச சுபாவம், கிட்டே போய்க் கேட்டால்தான் வாயைத் திறக்கும் என்று அக்கா பாடம் நடத்தினாள்.

மோப்பம் என்ற பட்டப்பெயர் அவளுக்கு வந்தது இப்போதுதான், இந்த ஒரு மாதத்தில். மூடிய ஃபிரிட்ஜுக்குள் பால் திரிந்ததைக் கதவருகே நின்றே சொன்னாள். சமையல்காரர் பின்வாசலில் இழுத்த சிகரெட்டை, அவர் உள்ளே வருமுன் சொன்னாள். அடேயப்பா, மூக்கா அது!

இதே ஒயினை முந்தாநாள் மாதிரிக்கு ஊற்றியபோது, வாயில் வைக்காமலே பேரிக்காய், எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள் என்று அடுக்கிவிட்டாள்.

இன்று வெறும் தண்ணீரை மோந்த மாதிரி இருந்தது.

சளியாக இருக்குமோ என்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். பாழாய்ப்போன காற்று தாராளமாகப் போய் வந்தது.

அதிகம் குளிர்ந்திருந்தால் வாசனை எழும்பாது. அதுவும் அக்கா சொல்லிக்கொடுத்ததுதான். கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். சூடேறட்டும் என்று காத்திருந்து, சுழற்றி, மறுபடி மோந்தாள்.

ம்ஹூம்.

பாட்டிலை அடைத்த கார்க் கெட்டாலும் வாசனை செத்துப்போகும். எல்லாரும் நல்ல பாட்டிலாக அமையட்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். இவள், கடவுளே, இது கெட்ட பாட்டிலாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

"அக்கா, இது சரியில்ல. வேற ஒண்ணு திறங்க."

அக்கா முணுமுணுத்துக்கொண்டே திறந்தாள்.

இரண்டாவதிலும் ஒன்றுமில்லை.

சமையலறையில் வெங்காயம் எண்ணெயில் விழுந்தது. தினமும் அந்தச் சத்தம் கேட்டாலே வாயைப் பொத்திக்கொண்டு கழிவறைக்கு ஓடுகிறவள், இன்று நட்டுவைத்த கம்பம் போல நின்றாள். குமட்டவில்லை. வயிறு சமர்த்தாகக் கிடந்தது. அதுதான் அவளைக் கொன்றது.

உண்டாகி ஒன்பது வாரம். வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. மூன்று மாதம் தாண்டட்டும், அப்புறம் ஊரைக் கூட்டிச் சொல்லலாம் என்று இருவரும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

போன தடவையும் இந்த மூக்கு வந்தது. ஒருநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போனது. ரத்தம் மறுநாள்தான் வந்தது.

அக்கா இரண்டு கோப்பைகளையும் மோந்து பார்த்து மற்றவர்களிடம் நீட்டினாள். பேரிக்காய் என்றான் ஒருவன். எலுமிச்சை என்றாள் இன்னொருத்தி. மற்ற இருவரும் ஆமாம் போட்டார்கள்.

"ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? உனக்கு இன்னிக்கு என்னதான்டி ஆச்சு?"

அவள் முதல் கோப்பையைப் பிடுங்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். பாத்திரம் கழுவுகிற அண்ணன் திடுக்கிட்டுத் திரும்பினார். அவர் மூக்கருகே கோப்பையைக் கொண்டுபோனாள்.

அவர் ஒரு முறை இழுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"சோப்புத் தண்ணியிலேயே கெடக்குற என் மூக்குக்கே பழ வாசனை வருதேம்மா!"

அவள் அவருடைய ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை பாருங்கண்ணே. கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்கண்ணே."