பாதி மேடு

வேர் அறுபடும் சத்தம்தான் முதலில் கேட்டது. முள்ளெலிக்குப் புரிந்துவிட்டது. முள்ளெலி குடியிருக்கும் மேட்டின் கிழக்குப் பாதியைப் பிடித்துக்கொண்ட காட்டுப்பன்றி மறுபடி தோண்டுகிறது. அந்தப் பாதியில்தான் முள்ளெலியின் தங்கை குட்டிகளோடு வளைக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

ஆற்றின் அக்கரையிலிருந்து ஆட்டுக்கிடாவும் மயிலும் ஒரு கட்டு முள்ளோடு வந்து சேர்ந்தன.

"வச்சுக்கோ தம்பி," என்றது கிடா. "ஆனா பன்றி இந்தப் பக்கம் கால் வச்சா மட்டும் குத்து. அங்கே போய்க் குத்தாதே. அதுக்குக் கோபம் வந்து எங்க கரைக்கு வந்துட்டா?"

"என் தோகை என்ன ஆகும்?" என்றது மயில். "நேத்து கூட்டம் போட்டுப் பேசினோம். கிழக்குப் பாதியை அதுக்கே விட்டுடு. எல்லாரும் நிம்மதியாத் தூங்கலாம்."

"கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடலையே, மயிலண்ணே?"

"நீ வந்தா சண்டை போடுவே."

முள்ளெலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முள்ளுக்கு ரொம்ப நன்றி அண்ணே. இன்னும் இருந்தாலும் கொண்டாங்க. பாதி குடுத்தாத்தான் தூக்கம் வரும்னா, உங்க கரையில பாதியைக் குடுங்க. கிழக்கே மாட்டிக் கிடக்கிறது என் தங்கச்சி."

கிடா முறைத்தது. "நாளைக்கு நாங்க முள் கொண்டுவரலேன்னா?"

"என் முதுகுல இருக்கிறது யாரும் குடுத்தது இல்லையே. அதை எங்கே குத்தணும்னு யாரையும் கேக்கவும் வேண்டாம்."

சொல்லிவிட்டு முள்ளெலி, தங்கை இருந்த பக்கமாகத் தான் தோண்டிவந்த வளைக்குள் நுழைந்து, உதிர்ந்துகிடந்த மண்ணைப் பின்னங்காலால் மறுபடி வெளியே தள்ளத் தொடங்கியது.