முக்கால் பவுன் மலை

"உருக்கறதா? எதை உருக்கறது? எங்க, அந்த வார்த்தைய இன்னொரு தரம் சொல்லு பார்ப்போம்!"

வேலாயுதம் இப்படிக் கேட்டபோது அவர் கைகளில் வெள்ளை நூல் கையுறை இருந்தது. பங்குனி வெயிலில், காஞ்சிபுரத்தில், கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். இரண்டு விரல்களுக்கு நடுவே, விளிம்பு மட்டும் படும்படி, ஒரு சுவிஸ் தங்கக் காசைப் பிடித்திருந்தார்.

எதிரே நின்ற மகன் சிவராஜ் தரையைப் பார்த்தான்.

"முக்கால் பவுனு தேறும்பா. சும்மாதானே தூங்கிக்கினு இருக்குது? ஞாயித்துக்கெழம பாப்பாவுக்குப் பேர் வெக்கிறோம். எம் மாமியார் வூட்ல வளையல், கொலுசு எல்லாம் ரெடி. நம்ம சைடுல ஒரு சங்கிலி போடணும். தங்கம் விக்கிற விலைக்கு நான் எங்கப்பா போவேன்? கடையில புடவை எப்படி ஓடுதுன்னு உனக்கே தெரியும்."

"அதுக்கு?"

"இதக் குடுத்தீன்னா ஆசாரி ரெண்டு நாள்ல சங்கிலி செஞ்சிடுவாரு."

வேலாயுதம் கண்ணை மூடிக்கொண்டார். 'காஞ்சிப் பன்னாட்டு நாணயவியல் பேரவை'யின் நிறுவனத் தலைவர் அவர். பேரவையில் மொத்தம் இரண்டே உறுப்பினர்கள். இன்னொருவரான பக்கத்து வீட்டுக் குமரகுரு, இந்தத் தங்கக் காசில் இருந்த பனிமலையைக் கைலாசம் என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்ட குற்றத்துக்காகத் தற்காலிகமாக நீக்கப்பட்டிருந்தார்.

"கமலா! இங்க வா. உம் புள்ள என்னா கேக்கறான்னு நீயும் கேளு."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த கமலவேணி முறத்தோடு வந்து வாசற்படியில் நின்றாள். "கேட்டுக்கினுதான் இருந்தேன். குடுத்துடுங்களேன். கொழந்த கழுத்துல கெடந்தா அழகாத்தானே இருக்கும்?"

"நீயுமா? இதோட மதிப்பு இன்னான்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள்.

அந்த அறியாமைக்காக அவளை மன்னித்துவிட்டு, வேலாயுதம் ஆல்பத்தைத் திறந்தார். பிரசங்கம் ஆரம்பமாகிவிட்டது என்று புரிந்து சிவராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"இந்த வெள்ளிக் காசு, மலை மேல ரயில் ஏறி நூறு வருசம் ஆனதுக்குப் போட்டது. இது ஒரு பழைய பாலத்துக்கு. இது ஒரு மலையாட்டுக்கு."

"ஆட்டுக்கா?"

"ஆட்டுக்குத்தான். ஒரு ஆட்டக்கூட மறக்கக் கூடாதுன்னு சுவிஸ்காரன் வெள்ளியில அடிச்சி வெச்சிருக்கான். அவன் மனுசன்! நாம இன்னா செஞ்சிருப்போம்?"

"பிரியாணி," என்றான் சிவராஜ், வாய்க்குள்.

"நம்ம ஊர் ஜனங்களுக்கு எதப் பார்த்தாலும் எத்தினி கிராம்னு ஒரே கேள்விதான். பெருமாள் கோயில்ல தங்கப் பல்லியத் தொடறப்பகூட மனசுக்குள்ள எடை போடறவங்க! இது வெறும் தங்கம் இல்லடா. ஒரு தேசம் தன் நல்ல நாள மறக்காம எடுத்து வெச்சிருக்குது. அதுக்குப் பேரு நினைவு. நினைவ எவனாச்சும் நெருப்புல போடுவானா? போட்டா அவன் மனுசனா?"

கமலவேணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் பேச்சு இவ்வளவு ஆழமாக இறங்கும் என்று வேலாயுதமே எதிர்பார்க்கவில்லை. குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

"அதுவும் இந்தக் காசு! சூரிச்சுல வேல பாக்கறானே உன் மாமா பையன் பிரேம்நாத்து, என் கலெக்‌ஷனோட பெருமை தெரிஞ்சி, அறுபதாம் பொறந்த நாளுக்கு அவனே தேடிப் புடிச்சி அனுப்பினது. அவனுக்குத் தெரிஞ்ச மரியாத உனக்குத் தெரியல."

இதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று சிவராஜ் எழுந்தான். "சரிப்பா. விடு. பாப்பா வெறுங்கழுத்தோட உக்காரட்டும். அவங்க வூட்ல நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க, கேட்டுக்கலாம்."

அது வேலாயுதத்துக்குச் சுருக்கென்று தைத்தது. பேத்தி மேல் அவருக்கும் உயிர்தான். ஆல்பத்தையும் பார்த்தார், மகனையும் பார்த்தார். சட்டென்று அவர் முகம் தெளிந்தது.

"என் பேத்திய வெறுங்கழுத்தோட உக்கார வெச்சிடுவேனாடா? வழி இருக்குது. பீரோ அடித்தட்டுல உங்கம்மா முகூர்த்தப் புடவை சும்மாதான் கெடக்குது. அந்தக் காலத்து ஜரிகை, அத்தனையும் அசல் வெள்ளி. பட்ட எரிச்சி வெள்ளியப் பிரிக்கிறவங்க கிட்டக் குடுத்தா கையில காசா வந்துடும். அதுல சங்கிலி வாங்கிக்கோ."

"அம்மாவோட கல்யாணப் புடவையாப்பா?"

"ஆமா. அரக்கு... இல்ல, பச்சை. ஏதோ ஒண்ணு." எந்தக் காசு எந்த வருடம் அடித்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர் ஒரு கணம் தடுமாறினார். "இனிமே அத யார் கட்டப் போறா? பழைய துணி. கமலா, போய் எடுத்தா."

கமலவேணி நகரவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள்.

"அது அங்க இல்லீங்க."

"இல்லியா? எங்க போச்சு?"

"உங்க அறுபதாம் பொறந்த நாளுக்கு முன்னாடியே எரிச்சாச்சு. பிரேம்நாத்துக்குப் பணம் அனுப்ப எனக்கு வேற வழி தெரியலீங்க. இப்ப ரெண்டு விரலால பட்டும் படாமப் புடிச்சிக்கினு இருக்கீங்களே, அதான் என் முகூர்த்தப் புடவை."