பகவதியின் ஊக்கு

“டீச்சர், பகவதி எங்க டைல்ஸையெல்லாம் குத்திக்கிட்டு இருக்கா!”

ரெனிஷ் மூச்சிரைக்க வந்து சொன்னதும் பத்மஜா டீச்சர் ஆறாம் வகுப்புக்கு ஓடினாள்.

பள்ளிக்கூடச் சுவரில் பதிப்பதற்காகப் பிள்ளைகள் முப்பது பேரும் களிமண்ணில் டைல்ஸ் செய்திருந்தார்கள். படகு, மீன், சங்கு என்று ஆளுக்கு ஒரு படம். மெலிசாக இருந்தால் உடைந்துவிடும் என்று விரல் கனத்துக்குச் செய்யச் சொன்னது பத்மஜாதான். ஈரம் காய்ந்ததும் சூளைக்கு அனுப்ப வேண்டும்.

பகவதி கையில் ஊக்கு. டைல்ஸைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் வரிசையாகக் குத்தியிருந்தாள்.

“என்ன காரியம் பண்ணிட்டு இருக்கே?”

“டீச்சர், எங்கம்மா…”

“அம்மாவை ஏன் இழுக்கறே? பண்ணினது நீதானே?”

பத்மஜா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். இருபத்தொன்பதிலும் குத்து. ஒன்றே ஒன்றில் இல்லை. அது பகவதியுடையது. அவள் அம்மா கடற்கரையில் தட்டை, முறுக்கு விற்கிற தள்ளுவண்டியை, சக்கரத்துக் கம்பி முதற்கொண்டு அதில் செதுக்கியிருந்தாள்.

“ஓஹோ! உன்னோடது மட்டும் நல்லா வரணும், அடுத்தவங்களோடது நாசமாப் போகணும். இந்த வயசுல இவ்வளவு பொறாமையா?”

பகவதிக்குக் கண் நிறைந்துவிட்டது. டீச்சர் ஊக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

“நல்லவேளை, பின்பக்கம். சிமெண்ட்ல மறைஞ்சிடும். இவ்வளவு பண்ணியும் உன்னோடதையும் சூளைக்கு அனுப்பத்தான் போறேன். மன்னிச்சுட்டேன், போ.”

அன்று முழுக்கத் தன் பெரிய மனசை நினைத்து பத்மஜாவுக்கு ஒரே திருப்தி.

பத்து நாள் கழித்து சூளைக்காரர் காசிலிங்கம் பெட்டியோடு வந்தார். சுவருக்கு முன்னால் பெற்றோர் கூட்டம். பகவதியின் அம்மாவும் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

“ஏளா, நம்ம வண்டி எங்க?” என்று மகளிடம் ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

காசிலிங்கம் டீச்சரை ஓரமாகக் கூப்பிட்டார்.

“டீச்சரம்மா, ஒண்ணு மட்டும் சூளையில வெடிச்சிட்டு. இம்புட்டுத் தடியாச் செஞ்சா, உள்ள இருக்க ஈரம் வெளிய வர வழி வேணும்லா? மத்ததுக்கெல்லாம் விவரமா முதுகுல துளை போட்டிருக்கீக. இத மட்டும் ஏன் விட்டீக?”

அவர் நீட்டிய துண்டில் பாதிச் சக்கரம் இருந்தது.

பத்மஜா அந்தத் துண்டை வாங்கிக்கொண்டாள். பகவதியைத் தனியே அழைத்தாள். மன்னித்துவிட்டேன் என்று அன்றைக்குத் தாராளமாகச் சொன்ன வாய், இன்று மன்னிப்புக் கேட்க எழவில்லை.

“உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“அம்மா தட்டை தட்டிப் போடப் போட, நான்தான் ஊக்கால குத்துவேன் டீச்சர். குத்தலன்னா எண்ணெய்ல உப்பி வெடிச்சிரும்.”

“அப்போ உன்னோடதை முதல்ல குத்தியிருக்கலாமே!”

“எல்லாருக்கும் முடிச்சிட்டு கடைசியா என்னுத குத்தலாம்னு இருந்தேன் டீச்சர். அதுக்குள்ள நீங்க ஊக்க வாங்கிட்டீக.”