கிறிஸ்மஸ் ஃபிரெண்டுக்கு ஒரு ஆஃபர்

நெய்யூர் சபைப் பெண்கள் கிறிஸ்மஸ் ஃபிரெண்ட் சீட்டு எடுத்துவிட்டார்கள். சீட்டில் வந்தவருக்கு முந்நூறு ரூபாய்க்குள் பரிசு வாங்க வேண்டும். பெயரை மட்டும் வெளியே சொல்லக் கூடாது.

ஜெபகுமாரி மருமகளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஜாஸ்பினுக்கு ஆஃபர் என்றால் சோறு வேண்டாம்.

“மக்கா, எனக்க ஃபிரெண்டுக்கு போன்ல ஒண்ணு பாத்துத் தா. எது குடுத்தாலும் குத்தம் சொல்லுற பிள்ள அவ. மொகம் சுளிக்காம வாங்கணுமேன்னுதான் எனக்குக் கவலை.”

“யாரு மாமி?”

“சொல்லப்பிடாதுல்லா. உனக்க வயசுதான் இருக்கும்.”

ஜாஸ்பின் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

“இந்தக் கைப்பையப் பாருங்க. அறுநூறு ரூபா உள்ளது, இன்னைக்கு மட்டும் இருநூத்தி எம்பது.”

“நல்லாயிருக்கே. இதையே போடு.”

“ஐயே, எனக்கே ஆசையா இருக்கு. குத்தம் சொல்லுறவளுக்கு எதுக்கு இது? மூணு சோப்பு டப்பா தொண்ணூத்தொம்பதுக்குக் கெடக்கு. அது போதும்.”

“வேண்டாம் மக்கா. பாவம் அவ.”

“சும்மா இருங்க மாமி. உங்களுக்கு எளகின மனசு.”

சொல்லிக்கொண்டே ஆர்டர் போட்டுவிட்டாள்.

கிறிஸ்மஸ் ஆராதனை முடிந்ததும் பரிசுகளைக் கொடுத்தார்கள். ஜாஸ்பின் தன் பெயர் எழுதியிருந்த பொதியை ஆசையோடு பிரித்தாள்.

உள்ளே மூன்று சோப்பு டப்பாக்கள்.

அவள் மெல்லத் திரும்பி மாமியாரைப் பார்த்தாள். ஜெபகுமாரி அவள் காதருகே குனிந்தார்.

“குத்தம் ஏதும் சொல்லீராத மக்கா. பாத்துப் பாத்து எடுத்த பிள்ள சங்கடப்படுவா.”