நிற்காத பூனை

தையற்கார அக்காவுக்குப் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மாலை நேரக் கம்ப்யூட்டர் வகுப்பில் அத்தனை பேரும் வண்ண வண்ணக் கட்டளைத் துண்டுகளைக் கோத்து, திரையிலிருந்த பூனையை நடக்க வைத்துவிட்டார்கள். இவர் மட்டும் நிமிஷத்துக்கு ஒரு தடவை கையைத் தூக்கினார்.

“டீச்சர், எனக்கு வரலை.”

“பக்கத்துல கேளுங்க, சார்.”

மற்றவர்களிடம் தேனாகப் பேசும் டீச்சர், இவரிடம் மட்டும் முகம் கொடுக்கவே இல்லை.

மண்டு என்றால் இப்படியா எரிந்து விழுவது? அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “நான் சொல்லித் தரேன், தம்பி. இதை இழு. ஆங், இங்க ஒட்டு.”

அவர் பவ்யமாகத் தலையாட்டினார். பிறகு மளமளவென்று எதையோ கோத்தார். பூனை திரை முழுக்க ஓடி ஓடி, “மன்னிச்சுடு, மன்னிச்சுடு” என்று கத்த ஆரம்பித்தது. வகுப்பே கொல்லென்று சிரித்தது.

டீச்சர் விறுவிறுவென்று வந்தாள். “இது நிக்கறதுக்கு வழி வைக்கலையா?”

“வெச்சிருக்கேன், டீச்சர். மேல பாருங்க.”

அக்காவும் எட்டிப் பார்த்தாள். முதல் துண்டில், ‘அவள் சிரிக்கும் வரை திரும்பச் செய்’ என்றிருந்தது.

டீச்சர் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை, சிரித்துவிட்டாள். அவர் சட்டென்று ஒரு பொத்தானை அழுத்த, பூனை நின்றது.

டீச்சர் அக்காவிடம் சொன்னாள்: “ஆபீசுல எல்லாருக்கும் புரோகிராம் சொல்லித் தர்றதே இவருதான், அக்கா. பொண்டாட்டி என்கிட்ட மன்னிப்புக் கேக்கப் பூனையைத் துணைக்குக் கூட்டிக்கிட்டு வந்திருக்காரு!”

அதுவரை அவருக்குப் பாடம் நடத்திய அக்கா, ஒன்றும் நடக்காததுபோலத் தன் பூனையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.