தனுஷா கேட்டது

பாயில் பரப்பிய மரக்கட்டைகளுக்கு நடுவே தனுஷா கைகட்டி உட்கார்ந்திருக்கிறாள். மூன்று வயது. சேலத்திலிருந்து வந்து கட்டட வேலைக்குப் போகும் அம்மா அவளை இந்த டெல்லி அங்கன்வாடியில் விடத் தொடங்கி ஒரு வாரமாகிறது. இன்னும் வாயே திறக்கவில்லை. "லால் கௌன்ஸா ஹை, பேட்டா?" என்று சிவப்புக் கட்டை எது என இந்தியில் கேட்கிறார் டீச்சர். தனுஷா டீச்சரின் வாயையே பார்க்கிறாள். 'இதுக்கு ஒண்ணும் தெரியலை' என்று இந்தியில் சலித்தபடி அடுத்த குழந்தையிடம் நகர்கிறார். மூலையில் ஸ்ம்ருதி, குழந்தை வளர்ச்சி படிக்கும் கல்லூரி மாணவி. பார்க்கலாம், குறுக்கிடக் கூடாது என்று சொல்லித்தான் கல்லூரியில் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் தனுஷாவின் கீழுதடு நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. அருகே நகர்ந்து, டெல்லியிலேயே வளர்ந்த அவள், கிட்வாய் நகர் வீட்டுக்குள் மட்டுமே புழங்கும் தன் தமிழில் கேட்கிறாள்: "செவப்பு எது, கண்ணா?" தனுஷா வெடுக்கென்று நிமிர்கிறாள். கட்டைகளைப் பார்க்கவேயில்லை. ஸ்ம்ருதியின் துப்பட்டாவைப் பற்றிக்கொண்டு, இத்தனை நாளாக யாரிடமும் கேட்க முடியாததைக் கேட்கிறாள்: "அக்கா, அம்மா எப்ப வரும்?" ஸ்ம்ருதியின் நாக்கில் சாயங்காலத்துக்கு 'ஷாம்' என்ற இந்திச் சொல்தான் முந்திக்கொண்டு வருகிறது. அதை விழுங்கிவிட்டு, "வெயில் போனதும் வந்துடுவா" என்கிறாள். தனுஷா மெல்ல எழுந்து போய், ஜன்னலடியில் தரைமேல் விழுந்திருக்கும் வெயிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.